187-க்கும் 189-க்கும் நடுவே: ஜமாஅத் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் பள்ளிவாசலையும் அதைச் சேர்ந்த மக்களையும் நிர்வகிக்கும் மஹல்லா ஜமாஅத்துகளின் தலைவர்கள், செயலாளர்கள், முத்தவல்லிகள், மிம்பர் மேடையில் ஏறிப் பேசும் ஹஜ்ரத்மார்கள் எல்லோருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

ரமலான் நெருங்கினால் உங்கள் தலையில் எவ்வளவு வேலை விழும் என்று தெரியும். கஞ்சிக்கு அரசு தரும் பச்சரிசி வந்துவிட்டதா, ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹில் ஓத, குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ் கிடைத்தாரா, பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா என்று ஓடிக்கொண்டிருப்பீர்கள். அதற்கு நடுவில் ஒரு பெண் எழுதும் கடிதம் கையில் கிடைத்தால் மடித்துப் பைக்குள் வைக்கத்தான் தோன்றும். வையுங்கள், பரவாயில்லை. சஹர் சாப்பிட்டு, சுப்ஹு என்ற வைகறைத் தொழுகையின் பாங்குக்குக் காத்திருக்கும் நேரத்தில் எடுத்துப் படியுங்கள்.

தராவீஹ் எட்டு ரக்அத்தா இருபது ரக்அத்தா என்று கேட்க இதை எழுதவில்லை. அந்தச் சண்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்க வந்தது ஒரு வசனத்தைப் பற்றி.

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமான சூரத்துல் பகராவின் 183-ஆம் வசனம் ஓதப்படாத ரமலான் பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, கிடையாது. உங்களுக்கு முன் இருந்தவர்களுக்கு விதிக்கப்பட்டதைப் போலவே உங்களுக்கும் நோன்பு விதிக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் இறையச்சம் உடையவர்கள் ஆவதற்காக என்கிறது அது. மதரஸாப் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்லும். அடுத்த வசனம் நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை தருகிறது. 185 குர்ஆன் இறங்கிய மாதம் இது என்கிறது, அல்லாஹ் உங்களுக்கு எளிதானதையே நாடுகிறான் என்கிறது. அப்புறம் நோன்புச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டு வரும்போதே சட்டத்தை நிறுத்திவிட்டு, என் அடியார்கள் என்னைப் பற்றி உம்மிடம் கேட்டால் நான் அருகிலேயே இருக்கிறேன், அழைப்பவரின் அழைப்புக்குப் பதில் தருகிறேன் என்று ஒரு வசனம் வருகிறது. அது 186. 187 இரவில் எது ஆகும், வைகறையில் எப்போது நிறுத்த வேண்டும், பள்ளிவாசலில் தங்கி வணங்கும் இஃதிகாஃபில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி, மறுபடியும் இறையச்சத்திலேயே வந்து முடிகிறது.

அதன்பின் நாம் நேராக 189-க்குப் போய்விடுகிறோம். 189 பிறையைப் பற்றியது. பிறை விஷயத்தில் நமக்கிருக்கும் ஆர்வத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் கொண்டாடிய ஊர்கள் நம்மிடம் உண்டு.

நடுவில் இருக்கும் 188-ஐ ரமலான் மேடையில் கேட்ட ஞாபகம் எத்தனை பேருக்கு இருக்கும்? உங்களுக்குள் ஒருவர் பொருளை இன்னொருவர் முறையில்லாமல் உண்ணாதீர்கள்; பிறர் பொருளில் ஒரு பங்கைப் பாவமான வழியில் உண்பதற்காக, தெரிந்துகொண்டே அதைத் தீர்ப்புச் சொல்பவர்களிடம் கொண்டு போகாதீர்கள். இதுதான் 188. நோன்பு வசனங்கள் முடிந்து மூச்சு விடுவதற்குள் வந்து நிற்கிறது. இந்தத் தொடர்பை நானாகக் கண்டுபிடிக்கவில்லை, விரிவுரை எழுதிய அறிஞர்கள் சொல்லியிருப்பதுதான். உங்கள் அலமாரியில் இருக்கும் தஃப்சீர்களைப் புரட்டிப் பாருங்கள்.

நோன்பு எதற்கு என்று கேட்டால் ஏழையின் பசி தெரிவதற்கு என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். மாற்றுமத நண்பர்கள் கேட்டால் கைவசம் இருப்பதும் இந்தப் பதில்தான், கூடவே வயிற்றுக்கு ஓய்வு, உடம்புக்கு நல்லது என்று ஒரு மருத்துவக் குறிப்பையும் சேர்த்துவிடுவோம். இவை தவறில்லை. ஆனால் ஏழைக்கும் நோன்பு கடமைதானே? தினமும் பசி பார்ப்பவருக்கு இன்னொரு பசியால் என்ன புதிதாகத் தெரியப்போகிறது? குர்ஆன் சொல்லும் காரணம் வேறு, அது அவருக்கும் பொருந்துகிறது, கடைத்தெருவில் நான்கு மாடி வைத்திருப்பவருக்கும் பொருந்துகிறது.

லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு ஒளூச் செய்து முகம் கைகால் கழுவுகிற ஒரு நோன்பாளியை எடுத்துக்கொள்ளுங்கள். நாக்கு வறண்டு கிடக்கிறது. வாய் கொப்பளிக்க எடுத்த தண்ணீர் வாய்க்குள்ளேயே இருக்கிறது. ஒரு மடக்கு உள்ளே போனால் பக்கத்தில் இருப்பவருக்கு, வீட்டில் இருப்பவர்களுக்கு, யாருக்கும் தெரியாது. ஆனாலும் துப்பிவிடுகிறார். பத்து வயதுப் பிள்ளைகூடத் துப்புகிறது. நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி தருகிறேன் என்று அல்லாஹ் சொல்வதாக வரும் ஹதீஸுக்கு, அதாவது நபிமொழிக்கு, அறிஞர்கள் தந்த விளக்கங்களில் இதுவும் ஒன்று: தொழுகையும் தானமும் வெளியே தெரியும், நோன்பு தெரியாது. அது நோற்பவருக்கும் அவனுக்கும் இடையில் மட்டும் நடப்பது.

அவர் துப்பிய தண்ணீர் அவருடைய தண்ணீர். வீட்டில் மூடி வைத்திருக்கும் சோறு அவர் உழைத்து வாங்கிய அரிசி. எல்லாம் ஹலால். தனக்கு முழு உரிமையுள்ளதை, யாரும் பார்க்காத இடத்தில், பதின்மூன்று பதினான்கு மணி நேரம் தொடாமல் இருக்க ஒரு மாதம் பழகுகிறார். அப்படிப் பழகியவர் மக்ரிபில் நோன்பு திறந்த பிறகு தனக்கு உரிமையே இல்லாத ஒன்றை எப்படித் தொடுவார்? 187-க்குப் பின்னால் 188 நிற்பதன் காரணம் எனக்கு இப்படித்தான் விளங்குகிறது.

நோன்பு கடமையானது ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில். அப்போது மதீனாவில் இருந்த முஸ்லிம்களில் பலர் மக்காவில் வீடு, வாசல், வியாபாரம் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு வந்த முஹாஜிர்கள். தன் பொருளை இன்னொருவன் உண்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் பயான் செய்ய வேண்டியிருக்கவில்லை. நமக்குத்தான் வேண்டியிருக்கிறது.

சரி, யார் பொருளை யார் உண்கிறார்கள்? வட்டிக்கடைக்காரரையும் லஞ்சம் வாங்கும் அதிகாரியையும் திட்டிவிட்டுப் போய்விடலாம், மேடைக்கு அது சுலபம். நான் சொல்ல வந்தது நம் வீடுகளுக்குள் நடப்பது.

வாப்பா மவுத்தாகிறார். நாற்பது நாள் கழிகிறது. அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து வீட்டையும் கடையையும் பங்கு பிரிக்கிறார்கள். தங்கச்சிகளுக்கு எவ்வளவு என்று யாராவது வாய் திறந்தால், "அவளுக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து கட்டிக் கொடுத்தாச்சே" என்று பதில் வரும். சட்டச் சிக்கல் வரக்கூடாது என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போய் அவர்களிடம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஏன் போட்டாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் வந்து நிற்க அண்ணன் வேண்டாமா, பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடுமே என்பாள். மனம் ஒப்பித் தராத வரை ஒரு முஸ்லிமின் பொருள் இன்னொருவருக்கு ஆகாது என்ற நபிமொழி உங்களுக்குத் தெரியாததா? அந்தக் கையெழுத்தில் மன ஒப்பம் எங்கே இருக்கிறது?

கொஞ்சமோ அதிகமோ, பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கும் பங்கு உண்டு, பெண்களுக்கும் பங்கு உண்டு என்கிறது சூரத்துன் னிஸாவின் 7-ஆம் வசனம். கட்டிக் கொடுத்த மகளுக்குக் கிடையாது என்று அங்கே எங்கும் இல்லை. விவசாய நிலத்துக்கு ஷரீஅத் சட்டம் பொருந்தாதே என்று சிலர் இன்னமும் சொல்கிறார்கள். 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலம் விடுபட்டிருந்தது உண்மை. அன்றைய சென்னை மாகாணம் 1949-இல் அதைத் திருத்திச் சேர்த்துவிட்டது. அந்தச் சாக்கு போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது, தஞ்சாவூர்ப் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

அதே சூராவில் மூன்று வசனம் தள்ளி, அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தங்கள் வயிற்றில் நெருப்பைத்தான் உண்கிறார்கள் என்று வருகிறது. சித்தப்பாவின் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளைகளின் கடை வாடகை என்ன ஆனது என்று எத்தனை ஊர்களில் பேச்சு இருக்கிறது. பேச்சாகவே நின்றுவிடுகிறது. ஜமாஅத்தின் ஆவணத்துக்குள் அது வருவதில்லை.

அடுத்தது கல்யாணம். மணமகன் பெண்ணுக்கு மஹர் என்ற மணக்கொடை கொடுத்து மணமுடிக்க வேண்டும் என்பது குர்ஆன். நிக்காஹ் தஃப்தர் என்ற திருமணப் பதிவேட்டில் மஹர் என்று ஒரு சிறு தொகையை எழுதிவிட்டு, தஃப்தருக்கு வெளியே லட்சக்கணக்கில் ரொக்கமும் பவுன் கணக்கில் நகையும் பெண் வீட்டிலிருந்து வாங்குவது நம் வழக்கம். அதற்குக் கைக்கூலி என்று பெயர் வைத்தாலும், அன்பளிப்பு என்று பெயர் வைத்தாலும், கொடுப்பவர் வீட்டை அடமானம் வைத்துத்தான் கொடுக்கிறார். சில ஊர்களில் இந்தத் தொகையில் பள்ளிவாசலுக்கென்று ஒரு சதவீதம் வாங்கிய காலமும் இருந்தது. அந்தப் பணத்தில் எந்தப் பள்ளிக்கு எந்த விளக்கு எரிந்தது என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை.

இங்கேதான் 188-இன் பிற்பகுதி உங்களிடம் வருகிறது. தீர்ப்புச் சொல்பவர்களிடம் கொண்டு போகாதீர்கள் என்கிறதே, மஹல்லாவில் தீர்ப்புச் சொல்பவர் யார்? பாகப் பிரச்சினையென்றால் முதலில் உங்கள் அலுவலகத்துக்குத்தான் வருகிறார்கள். நிக்காஹ் தஃப்தர் உங்களிடம் இருக்கிறது. வெளியூர் மாப்பிள்ளை என்றால் அந்த ஊர் ஜமாஅத்தின் கடிதம் இல்லாமல் நிக்காஹ் நடப்பதில்லை. தலாக், குலா என்ற மணவிலக்குகள் என்றாலும் உங்கள் முன்தான் உட்காருகிறார்கள். பெண்ணின் பக்கம் பேச பெரும்பாலும் அவளுடைய அண்ணனே வருகிறார், பாக விஷயத்தில் எதிர்த்தரப்பும் அவரேதான் என்பது வேறு விஷயம்!

நபி (ஸல்) அவர்கள் தம்மிடம் வழக்கு கொண்டு வந்தவர்களிடம் சொன்னதை அவர்களின் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். நானும் ஒரு மனிதன்தான். உங்களில் ஒருவர் மற்றவரைவிடச் சாமர்த்தியமாக வாதாடக்கூடும், நான் கேட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடும். அப்படி ஒருவருக்கு அவர் சகோதரரின் உரிமையை நான் கொடுத்துவிட்டால், நான் அவருக்கு வெட்டிக் கொடுப்பது நெருப்புத் துண்டு. புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருப்பது இது. தீர்ப்பு தன் பக்கம் வந்தது என்பதற்காகப் பொருள் தனதாகிவிடாது. நபியின் தீர்ப்புக்கே அந்த நிலை என்றால், ஐந்து பேர் கையெழுத்துப் போட்ட ஜமாஅத் தீர்மானத்துக்கு என்ன நிலை?

நோன்பு திறக்கும் நேரத்து துஆ என்ற பிரார்த்தனையைப் பற்றி நீங்கள் நிறையச் சொல்கிறீர்கள். நோன்பாளியின் துஆ மறுக்கப்படாது என்று கேட்டுக் கேட்டு, பாங்குக்கு முந்தைய அந்தச் சில நிமிடங்களில் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கையேந்துகிறோம். நான் அருகில் இருக்கிறேன் என்ற 186-ஐ நம்பித்தான் ஏந்துகிறோம். ஆனால் நெடும்பயணம் செய்து, தலை கலைந்து, புழுதி படிந்து, வானத்தை நோக்கிக் கையை உயர்த்தி 'யா ரப், யா ரப்' என்று கெஞ்சுகிற ஒருவரைப் பற்றி நபியவர்கள் சொன்னார்கள் அல்லவா? அவர் உணவு ஹராம், பானம் ஹராம், உடை ஹராம், எப்படிப் பதில் கிடைக்கும் என்று கேட்டார்கள். அந்த ஹதீஸை இஃப்தார் துஆவுக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் ஏன்? முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் முகம் மாறும் என்பதாலா? கஞ்சிச் செலவை ஏற்றவர்களின் பெயர்ப் பலகை வாசலில் தொங்குவதாலா?

முஃப்லிஸ் என்ற திவாலானவரைப் பற்றிய ஹதீஸும் இருக்கிறது. மறுமையில் அவர் தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும்தான் வருகிறார். ஆனால் ஒருவரை ஏசியிருக்கிறார், ஒருவர் மீது அவதூறு சொல்லியிருக்கிறார், ஒருவரின் பொருளைத் தின்றிருக்கிறார். அவருடைய நன்மைகளை எடுத்து அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே போவார்கள். கொடுக்க எதுவும் மிஞ்சாதபோது அவர்களுடைய பாவம் இவர் தலையில் ஏற்றப்படும். தங்கச்சியின் பங்கை வைத்துக்கொண்டு அண்ணன் பிடிக்கும் முப்பது நோன்பும் தங்கச்சியின் கணக்கில் போய்ச் சேருமென்றால், அவர் யாருக்காகப் பசித்திருக்கிறார்?

உங்கள் வேலையில் எதுவுமே சரியில்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். லுஹர் முடிந்ததும் பள்ளிவாசல் கொல்லையில் தேக்சா என்ற பெரிய பாத்திரம் அடுப்பில் ஏறும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கொஞ்சம் கைமா, கடைசியில் தேங்காய்ப்பாலும் மல்லி புதினாவும். அஸர் என்ற மாலைத் தொழுகைக்கு முன்பே மணம் தெருமுனைக்கு வந்துவிடும். தூக்குவாளியோடு நிற்கும் வரிசையில் யார் எந்த மதம், யார் எந்தச் சாதி என்று யாரும் கேட்பதில்லை. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு என்று வாங்கிப் போகும் மாரியம்மன் கோவில் தெருப் பெண்களை நான் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். உள்ளே பாயில் நகைக்கடை முதலாளியும் அவர் கடையில் கூட்டிப் பெருக்குபவரும் ஒரே தேக்சாக் கஞ்சியைத்தான் குடிக்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் செய்த நல்ல காரியங்களில் இதற்கு நான் முதலிடம் கொடுப்பேன்.

வீட்டுக்குள் வந்தால் கதை வேறு. கஞ்சியோடு முடியாது. சமோசா, வாடா, பஜ்ஜி, கடற்பாசி, ரோஸ் மில்க், அப்புறம் தராவீஹ் முடிந்து வந்ததும் பரோட்டா. பகலில் விட்டதையெல்லாம் இரவில் சேர்த்துத் தின்றால் நோன்பால் என்ன பயன் என்று மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டார். மற்ற மாதங்களில் சாப்பிடாத வகைகளை ரமலானுக்கென்று சேர்த்து வைக்கிறார்கள் என்றும் குறைபட்டுக்கொண்டார். நபியவர்கள் பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தார்கள், அது இல்லாவிட்டால் தண்ணீரில். அஸருக்குப் பின் அடுப்படியில் நின்று எண்ணெய்ச் சட்டியைக் கிளறும் பெண்ணும் நோன்பாளிதான். குர்ஆன் இறங்கிய மாதத்தில் அவளுக்கு ஒரு பக்கம் ஓத நேரம் இருந்ததா என்று ஆண்களுக்கான பயானில் ஒரு தடவையாவது கேளுங்கள். அரசியல்வாதிகளுக்குத் தொப்பி போட்டுப் படம் எடுக்கும் இஃப்தார் விருந்துகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அவற்றில் நோன்பாளிகள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

பொய்ப் பேச்சையும் அதன்படி நடப்பதையும் விடாதவர் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவை எதுவும் இல்லை என்று புகாரியில் வருகிறது. இதை நாக்கின் நோன்பு என்று விளக்கி, புறம் பேசாதீர்கள் என்று பெண்கள் பக்கம் திரும்பிச் சொல்லிவிடுகிறீர்கள். பொய்க் கணக்கு, பொய்ப் பத்திரம், மறைத்த ஜகாத், பொய்யாக எழுதிய மஹர் எல்லாம் அதில் அடங்காதா?

ஆகவே சில வேண்டுகோள்கள். வரும் ரமலானின் முதல் ஜும்ஆ என்ற வெள்ளிக்கிழமைத் தொழுகையில் 183 முதல் 188 வரை முழுவதையும் ஓதிப் பொருள் சொல்லுங்கள். இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய வாரிசுகளை நிறுத்தி, இவருக்குக் கடன் இருந்தால் எங்களிடம் கேளுங்கள் என்று சொல்ல வைக்கிறீர்களே, அருமையான வழக்கம். அதே இடத்தில் வாரிசுகளின் பெயர்களை மகள்கள், மனைவி, தாய் உட்பட ஜமாஅத் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பாகம் பிரிந்ததா என்று ஒரு தடவை விசாரியுங்கள். விடுதலைப் பத்திரம் என்றால் அந்தப் பெண்ணை அவள் அண்ணன் இல்லாத நேரத்தில், மார்க்கம் படித்த ஒரு ஆலிமாவையோ மூத்த பெண்மணியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பெண் வீட்டில் ரொக்கம் வாங்கினால் எங்கள் தஃப்தர் வராது என்று அறிவித்த ஜமாஅத்துகள் இருக்கின்றன, அங்கே கல்யாணங்கள் நின்றுவிடவில்லை.

அப்புறம் உங்கள் சொந்தக் கணக்கு. உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழியைச் சொல்லும் இமாமுக்கும், ஐந்து நேரமும் பாங்கு சொல்லும் மோதினாருக்கும் மாதச் சம்பளம் எவ்வளவு என்று பொதுக்குழுவில் வாசித்துக் காட்டுங்கள். அந்தத் தொகையில் ஒரு குடும்பம் பிழைக்குமா? பெருநாளன்று துண்டு விரித்து வசூலித்துக் கொடுப்பது சம்பளம் ஆகாது. கமிட்டியில் இருப்பவர்கள் தங்கள் சகோதரிகளின் பாகத்தைக் கொடுத்துவிட்டார்களா என்று நான் கேட்கப் போவதில்லை. ரமலானின் 27-ஆம் இரவில், பள்ளிவாசல் முழுக்க விளக்கு எரியும்போது, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த முதல் ஜும்ஆ பயானுக்கு முன் பெண்கள் பகுதி ஒலிபெருக்கியை ஒரு ஆளை விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பல பள்ளிகளில் அது பாதி நேரம் கரகரக்கிறது, 188 வரும் இடத்தில் எங்களுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும்.

வஸ்ஸலாம்.

உங்கள் மஹல்லாவின் சகோதரி ஒருத்தி